மகளின் கட்டியில் ‘ரெட்’ ஜீன் மாற்றம்: தம்பிக்கும் பரிசோதனை வேண்டுமா?

மலர் அம்மா

வணக்கம். இங்கே எழுதுவது முதல் தடவை. கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகளுக்கு 11 வயது. தலை பின்னிவிடும்போது கழுத்தின் வலது பக்கம் ஒரு முடிச்சு கையில் தட்டுப்பட்டது. சளியால் நெறி கட்டியிருக்கிறது என்று முதலில் மருந்து கொடுத்தார்கள், இறங்கவில்லை. அப்புறம் ஸ்கேன், ஊசி பயாப்சி. பாப்பிலரி தைராய்டு கேன்சர் என்று வந்தது. தைராய்டை முழுதாக எடுத்து, வலது பக்க நெறிகட்டிகளையும் சேர்த்து எடுத்திருக்கிறார்கள். நுரையீரலில் பொடிப்பொடியாகச் சில புள்ளிகள் இருக்கின்றன. அதற்குக் கதிரியக்க அயோடின் சிகிச்சை கொடுக்கப்போவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

போன வாரம் ஜீன் ரிப்போர்ட் வந்தது. அதில் இருப்பதை அப்படியே போடுகிறேன்: ‘சி.சி.டி.சி.6 – ரெட் ஃபியூஷன் கண்டறியப்பட்டது. பிராஃப் வி600இ மாற்றம் இல்லை. என்.டி.ஆர்.கே.1, என்.டி.ஆர்.கே.3, ஏ.எல்.கே. ஃபியூஷன் இல்லை.’ சர்ஜன் அதைப் பார்த்துவிட்டு, “எதிர்பார்த்ததுதான், அடுத்த முறை விவரமாகப் பேசலாம்” என்று முடித்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து ரெட் ஜீன் என்று தேடினேன். எடுத்த எடுப்பிலேயே பரம்பரை நோய், பிள்ளைகளுக்கு வர ஐம்பது சதவீத வாய்ப்பு, ஐந்து வயதுக்குள் தைராய்டை எடுத்துவிட வேண்டும் என்று வருகிறது. என் மகனுக்கு 6 வயது. அவன் தூங்கிய பிறகு டார்ச் அடித்துக் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

வீட்டில் வேறு விசாரணை ஓடுகிறது. இது யார் வழியில் வந்தது என்று. மாமியாரின் அக்காவுக்குக் கழுத்தில் பெரிய வீக்கம் இருந்ததாம். என் சித்தப்பாவுக்கு 70 வயதுக்கு மேல் குடல் கேன்சர் வந்தது. ஆளுக்கு ஒரு பக்கம் கையைக் காட்டுகிறார்கள். இதற்கு நடுவில் எனக்கே ஒரு சந்தேகம்: மகள் 3 வயதில் கட்டிலிலிருந்து விழுந்தபோது தலைக்கு சி.டி. ஸ்கேன் எடுத்தோம். அந்தக் கதிர்வீச்சால் இது வந்திருக்குமா?

மகனுக்கு என்ன சோதனை எடுக்க வேண்டும், எவ்வளவு சீக்கிரம் எடுக்க வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கோடான் 634

அக்கா, பயாப்சி ரிப்போர்ட்டில் பாப்பிலரி என்று இருக்கிறதா, மெடுல்லரி என்று இருக்கிறதா என்று இன்னொரு தடவை பாருங்கள். பாப்பிலரிதான் என்றால் நீங்கள் இணையத்தில் படித்தது உங்கள் வீட்டுக் கதை இல்லை. எங்கள் வீட்டுக் கதை.

எங்களுக்கு இருப்பது எம்.இ.என். 2ஏ, சுரப்பிகளில் கட்டி வளர்க்கும் ஒரு பரம்பரை நோய். ரெட் ஜீனில் 634-ஆம் இடத்தில் ஒரு மாற்றம். அம்மாவிடமிருந்து எனக்கு வந்தது, என்னிடமிருந்து மூத்தவனுக்குப் போனது. எனக்குக் கட்டி கையில் தட்டுப்படுகிற அளவுக்கு வளர்ந்த பிறகுதான் தெரிந்தது. மெடுல்லரி கேன்சர், நெறிகட்டிகளுக்கும் போயிருந்தது. மகனுக்கு அப்படி ஆகவில்லை. கைக்குழந்தையாக இருக்கும்போதே ரத்தத்தில் அந்த ஒரே ஒரு இடத்தை மட்டும் பார்த்தார்கள். மாற்றம் இருந்தது. 4 வயதில் தைராய்டை எடுத்தோம். கட்டி என்று ஒன்றும் இல்லை, ரத்தத்தில் கால்சிடோனின் என்ற ஹார்மோனின் அளவு கொஞ்சம் கூடியிருந்தது, அவ்வளவுதான். எடுத்த சுரப்பிக்குள், மெடுல்லரி தொடங்கும் சி-செல்கள் பெருக ஆரம்பித்திருந்தன என்று பின்னால் ரிப்போர்ட் வந்தது. இப்போது காலையில் வெறும் வயிற்றில் ஒரு தைராய்டு ஹார்மோன் மாத்திரை. 11 வயது ஆனதும் வருடாவருடம் மெட்டாநெஃப்ரின் சோதனை தொடங்கும், ஏனென்றால் இதே ஜீன் அட்ரீனல் சுரப்பியிலும் கட்டி வளர்க்கும்.

இளையவளுக்கு அந்த மாற்றம் வரவில்லை. அவளுக்கு ஸ்கேன் வேண்டாம், ரத்தச் சோதனை வேண்டாம், ஒன்றுமே வேண்டாம் என்று டாக்டர் சொன்னபோது என் மனைவி நம்பாமல் இன்னொரு டாக்டரிடம் போய்க் கேட்டுவிட்டு வந்தாள். அவரும் அதையேதான் சொன்னார்.

உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கும் ஃபியூஷன், அதாவது இரண்டு ஜீன்கள் ஒட்டிக்கொள்வது, வேறு சமாச்சாரம் என்று மட்டும் எனக்குத் தெரியும். விவரமாகச் சொல்ல, இங்கே நுண்ணோக்கி என்ற பெயரில் எழுதுபவர் வருவார். அதுவரை டார்ச்சைக் கீழே வையுங்கள்.

பாலன்_க

எதற்கு வம்பு? வீட்டில் எல்லோருக்கும் பல ஜீன்களை ஒன்றாகப் பார்க்கும் முழு ஜீன் பேனல் எடுத்துவிடுங்கள். தெரிந்துகொள்வதால் நஷ்டம் ஒன்றும் இல்லையே.

நுண்ணோக்கி

634 சொன்னது சரி. பாலனுக்குக் கடைசியில் வருகிறேன்.

நான் நோயியல் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். தைராய்டு ஸ்லைடுகளும் அவற்றின் ஜீன் ரிப்போர்ட்டுகளும் என் மேசையில் குவிந்து கிடப்பவை. உங்கள் மகளின் சிகிச்சையை முடிவு செய்வது அவளுடைய டாக்டர்கள் வேலை, அதில் தலையிட மாட்டேன். ரிப்போர்ட்டைப் படிப்பது எப்படி என்று சொல்கிறேன்.

முதல் பக்கத்தில் மகளின் பெயர், வயது இருக்கும் கட்டத்துக்குக் கீழே ‘மாதிரி’ என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். அதில் பாரஃபின் பிளாக் என்றோ கட்டித் திசு என்றோ போட்டு, பக்கத்தில் ஒரு பிளாக் எண் கொடுத்திருப்பார்கள். எல்லோரும் தடித்த எழுத்தில் இருக்கும் முடிவைப் படித்துவிட்டு ஓடுகிறார்கள். என்னைக் கேட்டால் தடித்த எழுத்தில் போட வேண்டியது இந்த வரியைத்தான். அறுவை சிகிச்சையில் எடுத்த கட்டியை மெழுகில் பதித்து வைப்போம், அதுதான் பிளாக். அதிலிருந்து மெல்லிய சீவல்களை எடுத்து ஸ்லைடில் ஒட்டி, கட்டி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று என்னைப் போன்ற ஒருவர் மார்க்கர் பேனாவால் வட்டம் போடுவார். அந்த வட்டத்துக்குள் இருப்பதை மட்டும் டெக்னீஷியன் பிளேடால் சுரண்டி எடுத்து ஆர்.என்.ஏ. பிரிப்பார். சோதனைக்குப் போனது அந்தச் சுரண்டல்தான். மகளின் ரத்தத்தில் இருக்கும் ஜீன்களை இந்தச் சோதனை தொடவே இல்லை.

இனி ஜீனுக்கு வருவோம். தைராய்டில் இரண்டு வகைச் செல்கள் இருக்கின்றன. பெரும்பான்மை ஃபாலிக்யுலர் செல்கள், தைராய்டு ஹார்மோனைச் செய்பவை. அவற்றுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாக சி-செல்கள், கால்சிடோனின் சுரப்பவை. பாப்பிலரி கேன்சர் முதல் வகையிலிருந்து வருகிறது, மெடுல்லரி இரண்டாம் வகையிலிருந்து. ரெட் ஜீன் எல்லாச் செல்லிலும் இருந்தாலும், தைராய்டைப் பொறுத்தவரை சி-செல்லில் மட்டும்தான் வேலை செய்கிறது. ஃபாலிக்யுலர் செல்லில் பொதுவாக மூடியே கிடக்கும்.

634 குடும்பத்தில் ஒரே ஒரு எழுத்து மாறிய ரெட் ஜீன் உடம்பின் எல்லாச் செல்லிலும் இருக்கிறது. ஆனாலும் அவர்களுக்கு வருவது மெடுல்லரிதான், ஏனென்றால் அந்த ஜீன் உயிரோடு இயங்குவது சி-செல்லில். பக்கத்திலேயே இருக்கும் ஃபாலிக்யுலர் செல்லில் அதே மாறிய ஜீன் சும்மா கிடக்கும். இந்த ஒரு விஷயம் பிடிபட்டுவிட்டால் மற்றதெல்லாம் சுலபம்.

உங்கள் மகளின் கட்டியில் நடந்தது இது. ரெட் இருப்பது 10-ஆம் குரோமோசோமில். சி.சி.டி.சி.6 என்ற ஜீனும் அதே குரோமோசோமில், ஒன்றரைக் கோடி எழுத்துகளுக்கும் மேல் தள்ளி இருக்கிறது. என்றோ ஒரு நாள், ஒரே ஒரு ஃபாலிக்யுலர் செல்லுக்குள், இந்த இரண்டு இடங்களிலும் டி.என்.ஏ. உடைந்திருக்கிறது. உடைந்ததை ஒட்டுகிற வேலையைச் செல் எப்போதும் செய்துகொண்டுதான் இருக்கும். இந்தத் தடவை நடுத்துண்டு தலைகீழாகத் திரும்பிய நிலையில் ஒட்டிவிட்டது. ரிப்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் ‘எக்ஸான் 1 – எக்ஸான் 12’ என்று இருக்கிறதா பாருங்கள். சி.சி.டி.சி.6-இன் முதல் துண்டு ரெட்டின் 12-ஆம் துண்டோடு போய்ச் சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். 12-இலிருந்துதான் ரெட்டின் வேலை செய்யும் பகுதி தொடங்குகிறது. சி.சி.டி.சி.6 தைராய்டில் ஓயாமல் இயங்கும் ஜீன். பூட்டிக் கிடந்த வீட்டு மோட்டாரை எப்போதும் மின்சாரம் ஓடும் கம்பியில் கொக்கி போட்டு மாட்டிவிட்டால் எப்படி நிற்காமல் ஓடுமோ, அப்படி ரெட் ஓட ஆரம்பித்துவிடுகிறது.

அவ்வளவு தூரத்தில் இருக்கும் இரண்டு ஜீன்கள் எப்படிச் சேர்ந்தன என்று கேட்பீர்கள். 2000-இல் ஒரு ஆய்வுக் குழு ஆரோக்கியமான தைராய்டு செல்களின் உட்கருவில் இந்த இரண்டும் எங்கே இருக்கின்றன என்று நிறமேற்றிப் பார்த்தது. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு செல்களில் குரோமோசோம் மடிந்து கிடக்கும் விதத்தால் இரண்டும் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு இருந்தன. உடைவு நேர்ந்தால் தப்பான ஜோடி சேர இடம் தோதாக அமைந்துவிடுகிறது. இதற்குத் தாய் வழியும் இல்லை, தந்தை வழியும் இல்லை. வீட்டில் நடக்கும் விசாரணையை நீங்கள் தாராளமாக மூடிவிடலாம்.

இந்தக் காரணத்துக்காக மகனுக்கு ரத்தச் சோதனை தேவையில்லை. அவன் கழுத்தில் கத்தி வைக்கவும் அவசியமில்லை.

பாலன், நஷ்டம் உண்டு. பெரிய பேனல் எடுத்தால் ‘பொருள் தெளிவாகாத மாற்றம்’ என்று ஏதாவது ஒன்று வருவது சகஜம். நல்லதா கெட்டதா என்று யாராலும் சொல்ல முடியாத ஒரு வரியை ஒரு 6 வயதுப் பையன் தலையில் கட்டிவிட்டு, அவனை வருடாவருடம் ஸ்கேனுக்கு இழுத்துக்கொண்டு போகும் பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன். கேள்வி இருந்தால் சோதனை எடுக்கலாம். கேள்வியே இல்லாமல் எடுத்தால் பதில் என்று எதை வைத்துக்கொள்வது?

மலர் அம்மா

நுண்ணோக்கி ஐயா, இப்போதுதான் பார்த்தேன். பாரஃபின் பிளாக் என்றுதான் இருக்கிறது. எக்ஸான் 1 – 12 என்பதும் அப்படியே இருக்கிறது. என் கணவரிடம் படித்துக் காட்டினேன். அவர் அதை மாமியாருக்குப் படித்துக் காட்டினார். 634 தம்பி, உங்களுக்கும் நன்றி.

இன்னும் இரண்டு விஷயம் உறுத்துகிறது. ஒன்று அந்த சி.டி. ஸ்கேன். இன்னொன்று, சர்ஜன் “எதிர்பார்த்ததுதான்” என்றாரே, அதற்கு என்ன அர்த்தம்? நுரையீரல் வரை போயிருப்பதால் மோசமான ஜீன் என்று அவருக்கு முன்பே தெரியுமா? அப்புறம், குடல் கேன்சர், கழுத்து வீக்கம் எல்லாம் டாக்டரிடம் சொல்ல வேண்டுமா, விட்டுவிடலாமா?

நுண்ணோக்கி

ஐயா எல்லாம் வேண்டாம், அக்கா என்று கூப்பிட்டால் போதும்.

‘எதிர்பார்த்ததுதான்’ என்பதற்கு அர்த்தம் வயதில் இருக்கிறது. பெரியவர்களின் பாப்பிலரி கேன்சரில் அதிகம் காண்பது பிராஃப் ஜீனில் வி600இ என்ற ஒரே எழுத்து மாற்றம். பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு அதுதான் இருக்கும். சின்னக் குழந்தைகளிடம் அது குறைவு, ஃபியூஷன்கள்தான் அதிகம்: முதலில் ரெட், அப்புறம் என்.டி.ஆர்.கே., எப்போதாவது ஏ.எல்.கே. வயது ஏற ஏற, பதினாறு பதினேழை நெருங்கும்போது பிராஃப் பக்கம் சாய ஆரம்பிக்கும். ஒரு 11 வயதுப் பெண், கழுத்து நெறிகட்டிகளில் பரவல், நுரையீரலில் பொடிப் புள்ளிகள் என்று சொன்னாலே ரெட்டோ என்.டி.ஆர்.கே.யோ இருக்கும் என்று நாங்கள் பேசிக்கொள்வோம். ஸ்லைடிலும் தெரியும் சில நேரம். கட்டி ஒரு உருண்டையாக இல்லாமல் சுரப்பி முழுக்கப் பரவி, நார்த்திசு பட்டை பட்டையாக ஓடி, வெள்ளணுக்கள் கூட்டமாக நிற்க, நடுநடுவே வட்டம் வட்டமாக அடுக்கிய சுண்ணாம்புத் துகள்கள் மின்னும். அந்த வகையைப் பார்த்ததும் ரெட் என்று பந்தயம் கட்டலாம்.

மோசமான ஜீனா என்றால், பரவுவதில் சுறுசுறுப்பானது என்று சொல்லலாம். ஃபியூஷன் உள்ள குழந்தைகளுக்கு நெறிகட்டிக்கும் நுரையீரலுக்கும் போவது மற்றவர்களைவிட அதிகம்தான். ஆனால் பெரியவர்களின் கேன்சரைப் பார்த்து வைத்திருக்கும் கணக்கை இங்கே கொண்டுவரக் கூடாது. குழந்தைகளின் பாப்பிலரி கேன்சர் நுரையீரல் வரை போயிருந்தாலும் பெரும்பாலும் அயோடினை உறிஞ்சும், சிகிச்சைக்குக் கட்டுப்படும். பத்து ஆண்டு கடந்து உயிரோடு இருப்பவர்கள் 95 சதவீதத்துக்கு மேல். குழந்தைகளின் கேன்சர்களில் இப்படி ஒரு எண் அதிகம் கிடையாது.

சி.டி. பற்றி. தைராய்டும் கதிர்வீச்சும் என்றால் செர்னோபில்லில்தான் தொடங்க வேண்டும். 1986 ஏப்ரல் 26 அன்று அங்கே அணு உலை வெடித்தது. வெளியே வந்தவற்றில் தைராய்டுக்கு வில்லன் அயோடின்-131. அரை ஆயுள் 8 நாள்தான். ஆனால் அந்தச் சில வாரத்தில் மேய்ச்சல் புல் மேல் படிந்து, மாடு தின்று, பால் வழியாகப் பிள்ளைகளிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. சின்னச் சுரப்பி, அதிக அயோடின். நாலைந்து ஆண்டில் பெலாரசிலும் உக்ரைனிலும் குழந்தைகளின் தைராய்டு கேன்சர் ஏற ஆரம்பித்தது. முதலில் வந்த கட்டிகளில் ரெட் ஃபியூஷன்தான் நிறைய, குறிப்பாக என்.சி.ஓ.ஏ.4 என்ற ஜீனோடு சேர்ந்த வகை. கதிர்வீச்சு டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளையும் சேர்த்து உடைக்கும், ஃபியூஷனுக்கு அப்படிப்பட்ட உடைவுதான் வேண்டும், அதனால் இது பொருந்துகிறது. 2005 வரை அந்தப் பகுதிகளில் சிறுவயதில் கதிர்வீச்சுக்கு ஆளானவர்களிடம் 6,000-க்கும் மேற்பட்ட தைராய்டு கேன்சர்கள் பதிவாயின. இறந்தவர்கள் 15 பேர். இரண்டாவது எண்ணையும் சேர்த்தே ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

2021-இல் அந்தப் பகுதியின் 440 கட்டிகளை முழுதாகப் படித்துப் பார்த்தார்கள். பெரும்பாலானவை அன்று கதிர்வீச்சுக்கு ஆளானவர்களுடையவை, மற்றவை விபத்துக்குப் பிறகு பிறந்தவர்களுடையவை. கதிர்வீச்சு அளவு கூடக் கூட ஃபியூஷன்களும் சின்னச் சின்ன டி.என்.ஏ. இழப்புகளும் கூடின. ஆனால் இது கதிர்வீச்சால் வந்தது, இது தானாக வந்தது என்று பிரித்துக் காட்டும் தனி அடையாளம் எதுவும் அகப்படவில்லை. கதிர்வீச்சே படாத குழந்தையின் கட்டியிலும் இதே ரெட் ஃபியூஷன் வருகிறது. ஆகவே உங்கள் மகளின் ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு சி.டி.தான் காரணம் என்று யாரும் சொல்ல முடியாது. தைராய்டு கேன்சர் வரும் குழந்தைகளில் பெரும்பாலானவர்களுக்குக் கதிர்வீச்சுச் சரித்திரமே கிடையாது. டாக்டர்கள் கதிர்வீச்சு என்று கவலைப்படுவது, ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா போன்ற நோய்க்காகச் சின்ன வயதில் கழுத்திலோ மார்பிலோ கதிர் சிகிச்சை எடுத்த பிள்ளைகளைப் பற்றி. தலையில் அடிபட்ட குழந்தைக்கு ஸ்கேன் எடுக்காமல் விட்டிருந்தால் அன்று ராத்திரி நீங்கள் தூங்கியிருக்க மாட்டீர்கள்.

அதே ஆண்டு இன்னொரு ஆய்வும் வந்தது. செர்னோபில்லில் கதிர்வீச்சுக்கு ஆளான பெற்றோருக்குப் பின்னால் பிறந்த 130 பிள்ளைகளின் ஜீனை முழுதாகப் படித்தார்கள். புதிய மாற்றங்கள் வழக்கத்தைவிட அதிகம் இல்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், நாளைக்கு மகளுக்கு அயோடின் கொடுத்ததும் ‘இவளுக்குப் பிறக்கப்போகும் பிள்ளைக்கு என்ன ஆகும்’ என்று யாராவது ஆரம்பிப்பார்கள்.

குடும்பச் சரித்திரம் சொல்லத்தான் வேண்டும். டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே எழுதிக் கொண்டு போங்கள். பாப்பிலரி, ஃபாலிக்யுலர் வகைக் கட்டிகளிலும் பரம்பரை வழி கொஞ்சம் பேருக்கு உண்டு, அது ரெட் இல்லை, அவ்வளவுதான். பி.டென் ஜீன் மாறிய குடும்பங்களில் பிள்ளைகளுக்குத் தலை சுற்றளவு வயதுக்கு மீறிப் பெரிதாக இருக்கும். அந்த மாற்றம் உறுதியான குழந்தைகளுக்கு 7 வயதிலிருந்தே தைராய்டு ஸ்கேன் தொடங்கச் சொல்கிறார்கள். டைசர்1 என்றால் சின்ன வயதிலேயே தைராய்டில் பல முடிச்சுகள், கைக்குழந்தைப் பருவத்தில் அரிதான நுரையீரல் கட்டி, சிறுநீரகத்தில் நீர்க்கட்டி, பெண் பிள்ளைகளுக்குச் சினைப்பையில் ஹார்மோன் சுரக்கும் கட்டி என்று குடும்பத்தில் அங்கங்கே சிதறிக் கிடக்கும். தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதது போல இருக்கும், யாராவது ஒரு தாளில் வரிசையாக எழுதினால்தான் பிடிபடும். ஏ.பி.சி. ஜீன் என்றால் குடலில் நூற்றுக்கணக்கில் பாலிப் என்ற சதை முண்டுகள், இளம் வயதிலேயே குடல் கேன்சர். தைராய்டிலும் கிரிப்ரிஃபார்ம்-மொருலர் என்று தனி வகைக் கட்டி வரும், அதை ஸ்லைடில் பார்த்ததுமே கண்டுபிடித்து நாங்களே எழுதிவிடுவோம். உங்கள் சித்தப்பாவுக்கு 70-க்கு மேல் வந்தது அந்தக் கணக்கில் சேராது. மாமியாரின் அக்காவுக்கு இருந்த வீக்கம் வெறும் காய்ட்டராக, அதாவது கேன்சர் இல்லாத தைராய்டு வீக்கமாக இருக்கலாம், அது உலகமெங்கும் சர்வசாதாரணம். ஆனாலும் எழுதுங்கள். முடிவு டாக்டருடையது.

கட்டி ரிப்போர்ட்டில் ரெட் 634 அல்லது 918, டைசர்1, பி.டென், ஏ.பி.சி. என்று வந்திருந்தால் நானே அன்றைக்கே போன் செய்து ரத்தத்திலும் பாருங்கள் என்று சொல்லியிருப்பேன். ஃபியூஷனுக்கும் பிராஃபுக்கும் அப்படிச் செய்வதில்லை.

918 என்று சொன்னதால் ஒரு கிளைக்கதை, வேறு யாராவது படிப்பவர்களுக்காக. அது எம்.இ.என். 2பி. பெரும்பாலும் அப்பா அம்மா இருவருக்குமே இல்லாமல் குழந்தையிடம் புதிதாக வருவது, அதனால் குடும்பத்தில் யாரும் எச்சரிக்கையாக இருக்க மாட்டார்கள். அழும்போது கண்ணீர் வராத கைக்குழந்தை, தீராத மலச்சிக்கல், பின்னால் நாக்கு நுனியிலும் உதட்டிலும் சின்னச் சின்ன முண்டுகள், ஒல்லியாக நீண்ட கை கால். இதெல்லாம் ஒரே பிள்ளையிடம் இருந்தால் டாக்டரிடம் ரெட் என்று வாய்விட்டுக் கேளுங்கள். முதல் வயதுக்குள்ளேயே தைராய்டை எடுக்கச் சொல்லும் ஒரே வகை அதுதான்.

வெண்ணிலா_13

அம்மா, எனக்கு 13 வயதில் வந்தது இது. உங்கள் மகளைப் போலவே நுரையீரலில் பொடிப் புள்ளிகள். இப்போது எனக்கு ஒரு மகன் இருக்கிறான்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். அயோடின் கொடுத்த பிறகு, தைராய்டு செல்கள் மிச்சம் இருப்பதைக் காட்டும் தைரோகுளோபுலின் எண் உடனே பூஜ்ஜியத்துக்கு இறங்கவில்லை என்று என் அம்மா ஒவ்வொரு ரிப்போர்ட்டுக்கும் அழுவார். குழந்தைகளுக்கு அது வருடக்கணக்கில் மெதுவாக இறங்கிக்கொண்டே போகலாம், அதனால் அடுத்த டோஸை அவசரப்பட்டுக் கொடுக்க மாட்டார்கள் என்று எங்கள் டாக்டர் சொல்லிக்கொண்டே இருப்பார். எனக்கு அப்படித்தான் இறங்கியது. எண்ணைவிட அது எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள்.

மாத்திரையைத் தவறவிடாமல் போடப் பழக்குங்கள். சின்னப் பிள்ளையாக இருக்கும்போது நீங்கள் கொடுத்துவிடுவீர்கள், பதினைந்து பதினாறில்தான் தகராறு வரும். அப்புறம் தழும்பு. அதைப் பற்றி அவளாகப் பேசும்வரை யாரையும் பேச விடாதீர்கள். எனக்கு ஷால் வாங்கிக் கொடுத்த உறவினர்கள் ஒரு டஜன் இருப்பார்கள்.

யார் வழியில் வந்தது என்ற கேள்வி எங்கள் வீட்டிலும் நடந்தது. என் கட்டிக்கு ஜீன் சோதனை பல வருடம் கழித்து, பழைய பிளாக்கை எடுத்துத்தான் செய்தார்கள். என்.டி.ஆர்.கே.3. அதற்குள் என் அப்பா வழிச் சொந்தம் பாதிப் பேர் எங்கள் வீட்டுக்கு வருவதையே நிறுத்திவிட்டார்கள்.

மலர் அம்மா

வெண்ணிலா, உங்கள் மகன் நன்றாக இருக்கட்டும். அதைப் படித்ததும் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்துதான் மீதியைப் படித்தேன்.

நுண்ணோக்கி அக்கா, கடைசியாக ஒன்று. பரம்பரை இல்லை, மகனுக்கும் வேண்டாம் என்றால் இந்த ஜீன் ரிப்போர்ட்டால் எங்களுக்கு என்ன பயன்? பத்திரமாக வைக்க வேண்டுமா? மகனுக்குச் சும்மா மனத் திருப்திக்காக ஒரு அல்ட்ராசவுண்ட் மட்டும் எடுத்துப் பார்க்கலாமா?

நுண்ணோக்கி

அல்ட்ராசவுண்ட் மனத் திருப்தி கொடுக்கும் கருவி இல்லை. 2011 அணு உலை விபத்துக்குப் பிறகு ஜப்பானின் ஃபுகுஷிமாவில் மூன்று லட்சம் பிள்ளைகளுக்கு எடுத்துப் பார்த்தார்கள். எந்தத் தொந்தரவும் இல்லாத பிள்ளைகளிடம் நூற்றுக்கும் மேற்பட்ட கேன்சர்கள் அகப்பட்டன. கட்டிகளில் அதிகம் இருந்தது பிராஃப் மாற்றம். செர்னோபில்லின் ஆரம்பக் கட்டிகளில் பார்த்த ரெட் படம் அங்கே இல்லை. கதிர்வீச்சைவிட, அவ்வளவு நுணுக்கமாகத் தேடியதுதான் காரணமாக இருக்க வேண்டும் என்பது ஐ.நா.வின் கதிர்வீச்சுக் குழுவின் கருத்து. பின்னால் தொந்தரவே கொடுக்காமல் போயிருக்கக்கூடிய எத்தனைக் கட்டிகளுக்குக் கத்தி வைத்தார்கள் என்ற சர்ச்சை இன்னும் ஓயவில்லை. மகனை வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் கழுத்தைத் தடவிப் பார்க்கட்டும், போதும். குடும்பத்தில் இன்னொருவருக்கு, அதாவது உங்களுக்கோ உங்கள் கணவருக்கோ மகனுக்கோ, பாப்பிலரி வந்தால் அப்போது பேச்சு மாறும். இப்போது இல்லை.

ரிப்போர்ட்டால் பயன் உண்டு. முதல் சிகிச்சை அயோடின்தான், பெரும்பாலான பிள்ளைகளுக்கு அதற்கு மேல் தேவைப்படாது. ஒருவேளை புள்ளிகள் அயோடினை எடுக்காமல் வளர்ந்தால், ரெட்டை மட்டும் குறிவைத்து அடைக்கும் மாத்திரை இருக்கிறது, செல்பெர்காடினிப். அமெரிக்காவில் 2020-இல் 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அனுமதித்தார்கள், 2024-இல் அதை 2 வயது வரை இறக்கினார்கள். வெண்ணிலாவின் என்.டி.ஆர்.கே.க்கு லாரோட்ரெக்டினிப், அது 2018-இலேயே பெரியவர், குழந்தை என்ற பேதம் இல்லாமல் வந்துவிட்டது. இந்த மாத்திரைகளைக் கொடுத்த சில பிள்ளைகளின் கட்டி, அயோடினைத் திரும்ப உறிஞ்ச ஆரம்பித்ததையும் பார்த்திருக்கிறார்கள். ஃபியூஷன் எது என்று தெரியாமல் இந்த மாத்திரைகளில் எதையும் தொட முடியாது.

ரிப்போர்ட்டை ஸ்கேன் செய்து இரண்டு இடத்தில் வையுங்கள், அந்தப் பொடி எழுத்துப் பக்கத்தோடு சேர்த்து. ஊர் மாறினாலோ மருத்துவமனை மாறினாலோ பிளாக் எந்த ஆய்வகத்தில், எந்த எண்ணில் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். எத்தனை வருடம் வைத்திருப்பார்கள் என்றும் கேட்டுவிடுங்கள், ஒவ்வொரு இடத்திலும் ஒரு விதி.

கோடான் 634

பிளாக் எண்ணை மாத்திரை டப்பா மூடிக்கு உள்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறாள் என் மனைவி. வீட்டில் வேறு எது தொலைந்தாலும் அந்த டப்பா தொலையாது.